மைத்துனனுக்கு ஒரு ஃபிளெக்ஸ்

தை 8, வியாழன்

காலையில் பனி. ஷட்டர் தூக்கும்போதே கை விறைத்தது. இன்றைய வேலை: காதுகுத்துப் பத்திரிகை இரண்டு, கண்ணீர் அஞ்சலி ஒன்று, மைத்துனனுக்கு ஃபிளெக்ஸ், பத்துக்கு எட்டு அடி.

மைத்துனன் முத்து, என் மனைவி செல்வியின் தம்பி. (இனி மு. போதும். முழுப்பெயர் எழுத மனம் வரவில்லை.) சுற்றுலாக் கப்பலில் டெக் கழுவுகிற வேலை. ஒரு பயணி கடலில் விழுந்தபோது இவன்தான் காப்பாற்றினானாம். லீவில் வந்து நாலு நாள் ஆகிறது. ஞாயிறு மாமனார் வீட்டில் கறிவிருந்து. ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ். வாசகம் மாமனாரே சொல்லிவிட்டார்: "பயணி உயிர் காத்த எங்கள் வீரனே, வருக!"

யார் அடிப்பது? திருமயத்தில் கடை வைத்திருக்கும் இந்த இளிச்சவாயன்தான்.

பெரிய கண்மாயில் இரண்டு பேரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தவன் நான். ஒரு டீ வாங்கித் தரவில்லை எவனும். மு.வுக்கு நீச்சல்கூடச் சரியாக வராது.

தை 9, வெள்ளி

மாமனார் வீடு. மு.வைச் சுற்றிப் பத்துப் பேர். கப்பல் கதை. நெஞ்சு உயரத்துக்குக் கம்பியாம், மூலைக்கு மூலை கேமராவாம், அடிக்கடி ஒத்திகையாம்.

"பெறகு எப்படிப்பா விழுகுறாக?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"போதையில கம்பி மேல ஏறி போட்டோ எடுப்பாங்கண்ணே."

விழுந்தால் மிதவை வளையம் வீசுவார்கள், மைக்கில் கத்துவார்கள், கப்பலைத் திருப்புவார்கள். திருப்பவே வெகுநேரம். அதுவரை ஒருத்தன் தலையைத் திருப்பாமல், தண்ணீரில் இருப்பவரையே பார்த்துக் கை நீட்டி நிற்க வேண்டும். அந்த ஒருத்தன் மு.

அவ்வளவுதானா! கை நீட்டினதுக்கா பத்துக்கு எட்டு?

செல்வி அவன் இலையில் இரண்டு வடை வைத்தாள். எனக்கு ஒன்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எண்ணினேன். மு. அதிகம் பேசவில்லை. பவிசு.

தை 10, சனி

காலை ஆறரை. வண்டியில் கண்மாய். எதற்குப் போனேன் என்று எழுதவே கூச்சம். உரித்த தேங்காய் ஒன்றைத் தூர வீசிவிட்டு, கை நீட்டி நின்றேன். போன் அடித்தது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் தேங்காய் இல்லை. வெயில் பட்டுத் தண்ணீர் முழுக்க மினுமினுப்பு.

கண்மாயிலேயே இப்படி. அப்படியானால் அவன் செய்தது நிஜமாகவே பெரிய வேலை. இன்னும் எரிந்தது.

11 மணி. மு. கடைக்கு வந்தான். கம்ப்யூட்டரில் அவன் படம், ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு. பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"மச்சான், இத அடிக்காதீங்க."

"ஏன் மாப்ளே, சின்னதா இருக்கா?"

"அந்தாளு கெடைக்கல மச்சான்."

அவனே சொன்னான்.

"விடாமத்தான் பாத்தேன். காத்துல கண்ணு எரிஞ்சுச்சு. ஒரு தடவ தொடச்சேன், அம்புட்டுத்தான். பெறகு தலையக் காணோம்."

வீட்டுக்குப் போன் செய்தபோது, ஒருத்தர் விழுந்தார், நான் கை காட்டி நின்றேன் என்றுதான் சொன்னானாம். காப்பாற்றினான் என்று சேர்த்தது என் மாமியாரின் கைவேலை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"ஆத்தாகிட்ட இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நீங்களும் சொல்லிறாதீங்க மச்சான்."

வசமாக அகப்பட்டான். நான் ஒரு வார்த்தை விட்டால் ஊரில் அவன் மானம் போகும். அந்த நினைப்பு இனித்தது. அதையும் எழுதிவைக்கிறேன். டீ சொன்னேன். குடிக்காமலே போய்விட்டான். டிசைனை அழித்தேன்.

தை 11, ஞாயிறு

மேகமூட்டம். மாமனார் வீட்டு வாசலில் அண்டா, அடுப்பு, வெங்காயம் உரிக்கிற கூட்டம். நான் வெறுங்கையோடு போய் இறங்கினேன்.

"ஃபிளெக்ஸ் எங்கங்க?" செல்வி.

"அடிக்கல."

"மெசின் ரிப்பேரா?"

"இல்ல."

"அன்னைக்கு அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிச்சீங்கள்ல? என் தம்பிக்குன்னா மட்டும் முடியலயா? அவன் நல்லா இருக்கறது ஒங்களுக்குப் பொறுக்கல. பொறாம. அதான?"

வெங்காயம் உரித்த கைகள் நின்றன. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்பங்கரைப் பக்கம் நின்ற மு. வாயைத் திறந்தான்.

அவன் பேசுமுன் சொல்லிவிட்டேன்.

"ஆமா. பொறாமதான்."