முதல் கையெழுத்து

அன்பு மகள் ஜெபாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை, மஸ்கட் வெயிலில் நீயும் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். போன் எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் உன் கூட வேலை செய்கிற கவியா லீவு முடிந்து திரும்பும்போது அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம்ம கடற்கரையைச் சுத்தமாக வைத்து டூரிஸ்டுகளை வரவழைக்க கமிட்டி போட்டார்களே, சுற்றுலா ஆபீசர், ரிசார்ட் மேனேஜர், ஊர் சார்பில் நான் என்று. பெருமையாகப் போட்டோ அனுப்பினேனே, அதை அழித்துவிடு. போன மாசம் ரிசார்ட் ஏசி ஹாலில் கூட்டம். டீ, சமோசா கொடுத்து, வந்தவங்க எல்லாம் நோட்டில் கையெழுத்துப் போடுங்க என்றார்கள். வந்ததற்கு அடையாளம்தானே என்று நான் முதல் ஆளாகப் போட்டேன், என்னைப் பார்த்து நம் கடைக்காரர்கள் முப்பது பேரும் போட்டார்கள். இப்போது அந்தத் தாளைத் தீர்மானத்தோடு பின் அடித்து, ஊர் சம்மதத்தோடு மணலில் உள்ள கடைகளை எடுத்துப் பார்க்கிங்குக்குப் பின்னால் வைக்கிறோம் என்று போர்டு மாட்டிவிட்டார்கள். அங்கே எவன் வந்து நம் மீன் வறுவலைத் தின்பான், வேன் டிரைவரைத் தவிர?

ஆபீசரிடம் ஓடினேன். மூணு தரப்பும் சேர்ந்து எடுத்த முடிவு, நான் மட்டும் எப்படிம்மா மாத்துறது என்றார். மேனேஜரிடம் போனால் ஆபீசரைக் கைகாட்டுகிறார். யாரைப் போய்த் திட்டுவேன், மூணில் ஒண்ணு நான்தானே! விலகிவிடலாம் என்றால், ஊர் ஆளே கமிட்டியில் இல்லை என்று அந்தப் பார்க்கிங் இடத்தையும் தரமாட்டார்களாம். பக்கத்து பஜ்ஜிக் கடை தமிழ்ச்செல்வி புகார் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். நானும் போடுகிறேன் என்று கையை நீட்டினேன். நீதான் அங்க மொதல்லயே போட்டுட்ட இல்ல, இன்னும் இன்னாத்துக்கு என்று தாளை மடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேற்று அந்தப் புகாரை ஆபீசர் என் கைக்கே அனுப்பிவிட்டார். ஊர் கொடுத்த புகாருக்கு ஊர்ப் பிரதிநிதிதான் பதில் எழுத வேண்டுமாம், வியாழக்கிழமைக்குள். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது பெயர் ராஜேந்திரன். உன் அப்பாதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று காலையும் நான் வைத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போனார். அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கச் சொன்னால் முழுசாகப் படித்துப் பார். கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா,
மேரி