மாமா எழுதிய லிஃப்ட்

பிப்ரவரி 3

பன்னிரண்டாவது ஆளாக மாட்டிக்கொண்டேன். மருமகள் பாடம் எடுக்கிற கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில், பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் மாலை வகுப்பு நடக்குமாம். ஒருவர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். "சும்மா வந்து உட்காருங்க மாமா" என்றாள். முப்பத்தொரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் நான். சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமே இல்லை.

அவள் வேலை இன்னும் தற்காலிகம்தான். இந்தப் பன்னிரண்டு பேரும் மார்ச் கடைசிக்குள் பாஸானால் நிரந்தரம். ஒரே ஒருவர் தவறினாலும் ஒப்பந்தம் அதோடு முடிந்தது என்று உரிமையாளர் எழுதியே கொடுத்திருக்கிறார். வகுப்பிலேயே மூத்தவன் நான். யார் தவறுவார் என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

பிப்ரவரி 6

வகுப்பிலும் அவள் என்னை மாமா என்றே கூப்பிடுகிறாள். விளைவு: பதினொரு பேருக்கும் இப்போது நான் மாமா. பக்கத்து நாற்காலித் தையல்காரம்மாவுக்குக் கிட்டத்தட்ட என் வயசுதான் இருக்கும், அவரும் "மாமா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறார்.

பிப்ரவரி 12

தேர்வுக்காக ஆளுக்கொரு புரோகிராம் எழுத வேண்டும். நான் எதை எடுப்பேன்? லிஃப்ட்தான். திரையில் ஒன்பது மாடி, ஒரு பெட்டி. முதல் மாடிக்கு எழுதினேன்: கதவை மூடு, மேலே போ, நில், கதவைத் திற. ஓடியது! அதையே காப்பியடித்து, மாடி எண்ணை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினேன். நாலரைப் பக்கம்.

பெருமையாகக் காட்டினால், "புரொசீஜர்னு ஒண்ணு சொல்லிக் கொடுத்தேனே மாமா" என்றாள். செய்ய வேண்டியதை ஒரே முறை எழுதி அதற்கு ஒரு பேர் வைத்துவிட வேண்டுமாம். பிறகு எங்கே வேண்டுமோ அங்கே பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் போதுமாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாக எழுதினால்தானே கண்ணுக்குத் தெரியும்? எங்கேயோ மேலே கிடக்கிற பத்து வரியை நம்பி ஒன்பது மாடியை ஓட்டுவதா? முடியவே முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13

காலையில் மருமகள் டீ டம்ளரை மேசையில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது.

பிப்ரவரி 19

இன்றைக்கு ஒரு ஆளைக் கொன்றிருப்பேன்.

புரோகிராமில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னாள். கதவு முழுசாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லிஃப்ட் கிளம்ப வேண்டும். ஒன்பது இடத்திலும் சேர்த்தேன் — சேர்த்ததாக நினைத்தேன். எல்லாரும் சுற்றி நின்று பார்க்க ஓட்டிக் காட்டினால், ஐந்தாம் மாடியில் கதவு ஆவென்று திறந்தபடி பெட்டி மேலே போகிறது. எட்டு இடத்தில் சேர்த்து ஐந்தாம் மாடியை விட்டிருக்கிறேன். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரலை. திரையில ஆள் ஒருத்தரும் இல்ல, வெறும் கட்டம்தான். ஆனாலும் கதவு கதவுதானே. முப்பத்தொரு வருஷத்துல ஒரு கதவை விட்டிருப்பேனா நான்? ஒரே ஒரு கதவை?

வீட்டுக்கு வந்ததும் நானே போய், அந்தப் புரொசீஜரை மறுபடி சொல்லிக் கொடு என்று கேட்டேன். அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டாமல் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு.

பிப்ரவரி 22

நாலரைப் பக்கம் இப்போது பதினாறு வரி! 'மாடிக்குப் போ' என்று பேர் வைத்திருக்கிறேன். எந்த மாடி என்று எண்ணை மட்டும் கொடுத்தால் போகிறது. கதவை ஒரே இடத்தில் திருத்தினால் ஒன்பது மாடிக்கும் சரியாகிவிடுகிறது.

வீட்டுக்காரிக்கு விளக்கினேன். ஒரு தடவை விவரமாக எழுதிவைத்தால், அப்புறம் பேரைச் சொன்னால் போதும் என்றேன். "அப்ப எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்க. ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு இருபத்தெட்டு வருஷமா முழுசா சொல்லிட்டிருக்கேன்" என்றாள். மருமகள் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

மார்ச் 4

ஃபங்ஷன் படித்தோம். புரொசீஜர் சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். ஃபங்ஷன் வேலையைச் செய்து, விடையையும் நம் கையில் கொடுக்கும். 'பாரம் அதிகமா?' என்று ஒன்று எழுதுகிறேன். ஏறியவர்களின் எடையைக் கூட்டி ஆமாம், இல்லை என்று அது சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் லிஃப்ட் நகரக் கூடாது. பரவாயில்லையே, இந்த மண்டையிலும் ஏறுகிறதே!

மார்ச் 14

தேர்வு. வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். கதவெல்லாம் பிரமாதம். அப்புறம் பெட்டியில் பதினைந்து பேரை ஏற்றினார். அத்தனை பாரத்தோடு லிஃப்ட் ஜம்மென்று கிளம்பிப் போனது.

உள்ளே பார்த்தால் கூட்டல் சரி, எல்லாம் சரி. விடையைத் திருப்பிக் கொடுக்கிற ஒரு வரி, அந்த 'ரிட்டர்ன்', அதை எழுதவில்லை. கணக்கைப் போட்டு, விடையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது சனியன். ஆமாம் என்று யாரும் சொல்லாததால் லிஃப்ட் கிளம்பிவிட்டது.

முப்பத்தெட்டு மார்க். பாஸுக்கு நாற்பது. மற்ற பதினொரு பேரும் பாஸ்.

பரிசோதகர் நல்ல மனுஷன். இரண்டு கிரேஸ் மார்க் போடலாம், ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தாளை அவள் பக்கம் நகர்த்தினார். போடும்மா, போட்டுடும்மா என்று நான் உள்ளுக்குள் கத்துகிறேன். அவள் பேனாவைத் திறந்தாள். தாளைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

"பாரம் அதிகமாகியும் கிளம்புற லிஃப்ட் சார் இது. இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

மார்ச் 15

வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது. ரெண்டு மார்க்குதானே, உன் வேலைதானே போகுது என்று வீட்டுக்காரி புலம்பித் தீர்த்தாள். மருமகள் அறையை விட்டு வரவில்லை.

எனக்கும் நேத்து முழுக்கக் கோபம்தான். சொந்த மாமனாருக்கு ரெண்டு மார்க் தரக் கூடாதா இவ? ஆனால் இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் யோசித்தேன். லிஃப்ட் பாதுகாப்புச் சான்றில் கையெழுத்துப் போடச் சொல்லி எத்தனை கட்டடக்காரர்கள் எனக்குப் பேனாவை நீட்டியிருப்பார்கள்! கேபிள் சரியில்லை என்று தெரிந்து ஒரு தடவையாவது போட்டேனா? அப்புறம் அவள் மேல் எனக்கு என்ன கோபம்?

சாயங்காலம் கதவைத் தட்டினேன். "உன் இடத்துல நான் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்மா" என்றேன். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்றும் சொன்னேன். இந்த வீட்டுக்கு அவள் வந்து நாலு வருஷம் ஆகிறது, இதுவரை இப்படி எதுவும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சமாதானம் ஆவாள் என்று பார்த்தால், இன்னும் தேம்பித் தேம்பி அழுதாள். இதென்ன வம்பு!

மார்ச் 17

இருபத்தெட்டாம் தேதி மறுதேர்வு. மாதம் முடிவதற்குள் வருவதால் பன்னிரண்டில் சேர்த்துக்கொள்கிறேன் என்று உரிமையாளர் இறங்கி வந்திருக்கிறார். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே புதிதாக எழுத வேண்டும். மருமகள் அறைக்குள் வரக் கூடாது.

மார்ச் 23

எழுதினேன், அழித்தேன், எழுதினேன். தையல்காரம்மா தன் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்கிறார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

மார்ச் 28

உள்ளே நான் எழுதிய மூன்று மணி நேரமும் மருமகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். கதவைத் திறந்ததும் எழுந்து நின்றாள். மார்க் தாள் என் கையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"பாரம் அதிகமானா நிக்குதா மாமா?"

"நிக்குதும்மா. பரிசோதகர் இருபது பேரை ஏத்திப் பார்த்துட்டார். அசையல."

அதற்கப்புறம்தான் மார்க் எவ்வளவு என்று கேட்டாள். எழுபத்தொன்று என்றேன். வேலை நிரந்தர ஆணையில் உன் பேரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு உரிமையாளர் உள்ளே கூப்பிடுகிறார், போய்ச் சொல்லிவிட்டு வா என்றேன்.