வாங்கி வைத்த தாம்பூலம்

கூடத்து மேசையில் ஒரு தாம்பூலத் தட்டு இருக்கிறது. கொழுந்து வெற்றிலை வாசம் வீடு முழுக்க. இந்த வாசத்துக்கு எனக்குக் கல்யாண நினைப்புதான் வரும். இன்று உன் நினைப்பு வந்தது, எரிச்சலோடு. இந்த நேரம் பார்த்தா நீ உயிரோடு இல்லாமல் போவாய், தோழி?

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நான் மனு கொடுத்திருக்கிறேன். நான் நடவு வயலில் இருந்தபோது ஊர்ப் பெரியவர்கள் வந்து, "போட்டி வேணாங்க. ஊரே பேசி ஒருத்தர முடிவு பண்ணிட்டோம். வீட்ல சொல்லி வாபஸ் வாங்க வச்சிருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் தட்டை நீட்டியிருக்கிறார்கள். இவரும் வாங்கி வைத்துவிட்டார். எங்கள் ஊரில் தட்டை வாங்கினால் சம்மதித்ததாக அர்த்தம். நாளையோடு வாபஸ் வாங்கும் கெடு முடிகிறது.

"வீடு தேடி வந்தவங்கள எப்படித் திருப்பி அனுப்புறது?" என்கிறார். நல்ல மனுஷர், என்ன செய்ய!

மன்னார்குடிக் கல்லூரியில் நாம் சேர்ந்துதான் அரசியல் படித்தோம். நீ பாடம் நடத்தப் போனாய், நான் வயலுக்கு வந்தேன். லீவுக்கு வந்தால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, அந்தக் கால ஐரோப்பியத் தத்துவக்காரர்களை எங்கள் ஊருக்கே இழுத்து வந்துவிடுவாய்.

"ராஜாவுக்கு சாமிதான் அதிகாரம் கொடுத்துச்சுன்னு நம்புன காலத்துல, இல்ல, ஜனங்க சம்மதம்தான் கொடுக்குதுன்னாங்க பாரு. அதாண்டி நம்ம ஓட்டு" என்றாய் ஒருநாள். இன்னொரு நாள், "ஆளாளுக்கு மடையத் திறந்தா கடைமடைக்குத் தண்ணி போகுமா? எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் அரசாங்கம்னு ஒண்ணு வந்துச்சு" என்றாய். இதையும் அவர்கள்தான் சொன்னார்களாம். இரண்டும் மோதினால் எது பெரிது என்று கேட்டேன்.

"அதுல அவங்களே அடிச்சுக்கிட்டாங்க. என்னையப் போயி கேக்குற!" என்று சிரித்தாய்.

இப்போது அந்தச் சண்டை என் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. போன தேர்தல் பகையில் தண்ணீர் முறை கெட்டு, கடைமடை வயல்கள் காய்ந்ததை நானும்தான் பார்த்தேன். மறுபடி அப்படி ஆனால் அந்தப் பயிருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. உடனே, ஊரே பேசியதாகச் சொல்லும் அந்தக் கூட்டத்தில் பெண் ஒருத்தியும் இல்லையே, அது எப்படி ஊராகும் என்றும் தோன்றுகிறது. தட்டைப் பார்த்ததிலிருந்து இதே கதைதான்.

நீ இருந்தாலும் தெளிவாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து குழம்பியிருப்பாய். எனக்கு அது போதும். அதற்குத்தான் இப்போது ஆள் இல்லை.

தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். இவர் பதறிப்போய், "அப்ப போட்டி போடப்போறியா?" என்றார்.

"தெரியலங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. நாளைக்கு ஒதுங்கினாலும் ஒதுங்கிவிடுவேன். ஆனால் ஊர்ப் பெண்களையும் உட்காரவைத்து, பெரியவர்கள் என்னிடமே கேட்கட்டும். சரியென்றாலும் மாட்டேனென்றாலும் அதை நான்தான் சொல்ல வேண்டும். நீ பேசியதில் பாதி மறந்துவிட்டது. இது மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது.