உன் இருமல் எங்கே போனது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறிவிட்டதா என்று எழுது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றி வாங்கும் போன், பாதிப் பேச்சில் செத்துப்போகிறது. இது பாதியில் நிற்கக் கூடாத பேச்சு.

போன மாதம் நீ ஒரு வார்த்தை சொன்னாய். கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து இருமலே இல்லை, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று. எனக்குச் சுருக்கென்றது. உன்னோடு கூடப் பிறந்த மாதிரி இருந்த இருமல், எந்த மருந்துக்கும் அசையாத இருமல், சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனது? நம் தண்ணீரில் அப்படி என்ன கோளாறு? துணி துவைக்கும்போதும் இதே யோசனைதான். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டு, அப்பா இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடப் போய்விட்டார்.

உன் தங்கைக்கும் இப்போது அதே இருமல், இழுப்பு வேறு. அதனால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். காலையும் மாலையும் பெரிய பானை நிறையக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். இருமல் குறையவில்லை, கூடியது. நீ படித்த மாதிரியே அவளும் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். நல்ல தண்ணீர் குடித்தும் இப்படி இழுக்கிறதே என்று, நான் இன்னும் நாலு விறகைச் செருகி இன்னும் கொதிக்க வைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

பரீட்சை சமயத்தில் அவளை மெயின் ரோட்டில் இருக்கும் அத்தை வீட்டில் விட்டேன். அங்கே கரண்ட் உண்டு, கேஸ் அடுப்பும் உண்டு. நம் தெருவில் கம்பம் நட்டவர்கள் கம்பியை மறந்துவிட்டுப் போனார்கள். அப்பா அதில் கொடி கட்டிச் சட்டை காயப் போடுகிறார். பரீட்சை முடிந்து சின்னவளைக் கொண்டுவந்து விட்ட அத்தை, இவளுக்கா இருமல்ங்கிறே, என் வீட்டுல ஒரு நாள்கூட இருமவே இல்லையே என்றாள். எனக்குப் பொறி தட்டியது. அவளும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறாள். புழுதியும் அவள் வீட்டில்தான் அதிகம். பிறகு எது வேறே? அடுப்பு.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு காரியம் செய்தேன். பழைய வெள்ளை விரிப்பை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை நம் அடுப்படியிலும் மறுபாதியை அத்தை சமையலறையிலும் தொங்கவிட்டேன். இங்கேயும் கடை விரிக்கப் போறியா என்று அத்தை கிண்டல் செய்தாள். சில நாள் கழித்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அவளுடையது லேசாக மங்கியிருந்தது. நம்முடையது தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி. ஊரார் துணியில் எத்தனையோ கறை பார்த்தவள் நான். இதைத் துவைக்கக் கை வரவில்லை.

இரண்டையும் சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. சின்னவளின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு மருந்து கொடுத்தார். இதற்கு மேல் அவளைப் புகையில் உட்கார வைக்காதீர்கள் என்றார். நான் சும்மா வராமல், வயிற்றுப் பிள்ளைக்கும் புகை ஆகாதா என்று கேட்டேன். தாய் இழுக்கும் புகை பிள்ளையையும் பாதிக்கும், எடை குறைந்து பிறக்கலாம், மாதம் நிறையாமலும் பிறக்கலாம் என்றார். நீ பிறந்தபோது என் ஒரு கைக்குள் அடங்கிக் கிடந்தாய். நம் வீட்டு உடல்வாகு அப்படி என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அதுவும் இதனால்தானா என்று கேட்டேன். ஒரு பிள்ளையை வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதம்மா என்றார். அந்தக் கேள்வி என் கூடவே நடந்து வீடு வந்தது.

அப்பாவிடம் துணிகளைக் காட்டினேன். மறுநாள் இஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கம்பு நட்டுத் தகரம் போட்டு அடுப்பை வெளியே கொண்டுபோனார். அடுப்படிச் சுவரை உடைத்து ஒரு ஜன்னலும் வைத்தார். சின்னவளுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. ஆனால் மழை அடித்தால் அடுப்பு மறுபடி உள்ளே வருகிறது, புகையும் கூடவே குடிவருகிறது. கேஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வண்டி நம் தெருவுக்குள் நுழையாதாம். நானே தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன், முதலில் கொடுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். இன்னும் பதில் இல்லை.

பிரசவத்துக்கு இங்கே வருவதாகச் சொன்னாய். நீ வந்து சேர்வது மழைக்காலம். இங்கே சுகாதார நிலையத்தில் கரண்ட் போனால், நர்ஸம்மா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரசவம் பார்க்கிறார். உனக்காக அறையை ஒழித்து, மெத்தையை வெயிலில் போட்டு, போர்வைகூட எடுத்து வைத்தேன். இன்று எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டேன். வராதே, கண்ணு.

நான் அங்கே வருகிறேன். சின்னவளை அத்தை பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. ஓரமாக ஒரு ஆள் படுக்க இடம் போதும். கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருகுவது என்று மட்டும் நீ சொல்லிக் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா வரவேண்டாம் என்கிறாளே என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ இருமாமல் தூங்குவதை நான் இதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் படுத்து ஒரு ராத்திரி கேட்க வேண்டும்.

நீயும் பிள்ளையும் நிறைவாக இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு,
உன் அம்மா