விதி வருமுன் மாட்டிய பெட்டிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். கண்ணில் மங்கல் கூடியிருக்கிறதா? சொட்டு மருந்தை விடாமல் போடுகிறீர்களா?

போன வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் அறுநூறு வைஃபை பெட்டிகள் மாட்டினோம். அவை ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதி அப்போது வரைவாகத்தான் இருந்தது. ஆறு மாதம் பொறுத்திருக்கலாம். போட்டிக் கம்பெனி முந்திவிடும் என்று முதலாளிகள் அவசரப்பட்டார்கள். இப்போது இறுதி விதி வந்துவிட்டது, பெட்டிகள் அதற்குப் பொருந்தவில்லை. அத்தனையையும் கழற்றி மாற்ற வேண்டும். அவசரப்பட்டவர்களில் ஒருத்தரும் ஏணி ஏறவில்லை.

லீவை ரத்து செய்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், நான்தான் கூட்டிப்போக வேண்டும் என்றேன். "உனக்கு மட்டும்தான் அப்பா இருக்காரா? ஏறுப்பா," என்றார் மேற்பார்வையாளர். அவரே ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது.

நேற்று ஏணி லேசாகச் சறுக்கியது. இடது முழங்கையில் கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை.

நான் வரட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். சித்தப்பாவைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். கட்டு அவிழ்த்ததும் உங்கள் கையாலேயே நாலு வரி எழுதி அனுப்புங்கள். போனில் நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொல்வீர்கள், நம்பமாட்டேன்.

வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்