ஷாப்ட் வாசலில் கூடிய பெற்றோர் கூட்டம்

அக்கா,

இன்றைக்குக் காலையில் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் தள்ளுவண்டிக்காரன் ஒருவன் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தான். சூடான மணலில் கடலை புரளும் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. கல்வி அலுவலகத்து வராந்தாவில் மடி நிறையக் கடலையோடு, தோலைக் கீழே போடாமல் முந்தானையில் சேர்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த கோலம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. ஒரு பொட்டலம் வாங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் பாதி காலி. நீ இருந்திருந்தால், "எனக்கு இன்னா, தோலு மட்டுமா?" என்று கேட்டிருப்பாய்.

நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. நம் லைன் வீடுகளில் இப்போது ஒரே அமைதி. தங்கச் சுரங்கத்தில் பாறையைக் குடைந்து குடைந்து உன் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அவரோடு பேசிப் பேசி உனக்குத் தொண்டை பெரிசு. "கொழம்புல உப்பு சரியா கீதா?" என்று நீ கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் லைன் மொத்தமும் பதில் சொல்லும். அந்தத் தொண்டை ஒருநாள் என் மகளின் தலையெழுத்தை மாற்றும் என்று அப்போது யார் கண்டார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. சுரங்கம் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று பேச்சு. என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மேட்டுமேல் இருந்த பள்ளிக்கூடத்தில் உன் பையன் நாலாவது படித்துக்கொண்டிருந்தான். வாத்தியார்களுக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கும், நிர்வாகத்தை ஊர்க் கமிட்டி பார்க்கும், பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. அதை விட்டால் எங்கள் சம்பாத்தியத்துக்கு வேறு பள்ளி இல்லை. அந்த வருஷம் பார்த்து, புதுசாக நுழைவுப் பரீட்சை வைத்துவிட்டார்கள். பிள்ளைக்கு மட்டுமில்லை, பெற்றவர்களுக்கும் கேள்வி. ஒரு படத்தைக் காட்டி இங்கிலீஷில் நிறம் கேட்டார்கள். மகள் கணீரென்று "பச்சை" என்றாள். பச்சைதான். ஆனாலும் இடம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழுதேன். நீ வந்தாய்.

"இன்னாமே, தண்ணி ரொம்பி வழியுது, நீயும் சேந்து வழியுற?"

விஷயத்தைச் சொன்னேன். உன் முகம் சிவந்துவிட்டது. "அது இன்னா அவுங்க அப்பன் வூட்டு பள்ளிக்கூடமா? நாளைக்கே ஆபீசுக்குப் போறோம். ரவிக்கைய இஸ்திரி போட்டு வை."

அப்படித்தான் அந்த வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிளார்க், "ஏனம்மா, ஏன் பேக்கு?" என்று, என்ன வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டார். நான் உன் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன். நீயோ பாதித் தமிழ், பாதிக் கன்னடத்தில் அவர் மேஜையில் கடலையைப் பரப்பிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டாய். நல்ல மனுஷர். தின்றுகொண்டே பொறுமையாக விளக்கினார். சின்னப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்துத் தள்ளும்படி இங்கிருந்து யாரும் சொல்லவில்லை. இடத்தைவிடப் பிள்ளைகள் அதிகம் வந்தால் குலுக்கல் போடலாம். மதம், தகப்பனின் படிப்பு எதையும் பார்க்கக் கூடாது. இந்த மாதிரி மாற்றம் செய்வதென்றால் பெற்றோரைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

"கேக்கவே இல்லியே சார்!" என்றாய்.

"கேட்டிருக்காங்கம்மா. பெற்றோர் கூட்டம் பலமுறை போட்டோம், யாரும் வரலை, ஆட்சேபணை இல்லைன்னு கமிட்டி சொல்லியிருக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் "கூட்டம், கூட்டம்" என்று உனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. லைன் முனைக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

"மெமோ! எல்லாம் மெமோன்னு நென்ச்சிக்கினாங்கமே!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சுரங்க ஆபீஸ் ஒருவனைக் கூப்பிட்டு அனுப்பினால் அது நல்லதுக்காக இருக்காது. லேட்டாக வந்ததற்கோ, எதையாவது உடைத்ததற்கோ மெமோ கொடுக்கத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், "அப்பாவைக் கூட்டிட்டு வரணுமாம்" என்று பிள்ளை வந்து சொன்னதும் நம் ஆட்கள் முதலில் பிள்ளைக்கு ரெண்டு வைத்தார்கள். பிறகு பள்ளிக்கூடப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், கூட்டத்தன்று உனக்குக்கூடக் காரணம் சொல்லாமல் பூதிகோட்டை மச்சான் வீட்டுக்கே ஓடிவிட்டார். அப்படியே யாராவது துணிந்தாலும், கூட்டம் வைத்தது பகல் பதினோரு மணிக்கு. முதல் ஷிப்ட் ஷாப்ட் குழி வழியாக இறங்கிப் பூமிக்கு அடியில், ராத்திரி ஷிப்ட் தூக்கத்தில்.

மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்தோம். அவரும் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "கூப்பிட்டுப் பார்த்துட்டேன்மா. பெத்தவங்களுக்கே அக்கறை இல்லைன்னு கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க" என்றார்.

நீ சொன்ன பதிலை இன்றைக்கும் என் மகளுக்குச் சொல்லிக் காட்டுவேன். "அக்கறை கீழ கீது சார். சங்கு ஊதினா கேஜுல ஏறி மேல வரும். நீங்க ஷாப்ட் வாசலுக்கு வாங்க."

அவர் வருவார் என்று நான் நம்பவில்லை. நீ நம்பினாய். அன்று மாலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினோம். "மெமோ இல்ல, மெமோ இல்ல!" என்று முதலில் ஒரு கூச்சல். கதவு திறந்ததும் பாடம் ஆரம்பம். "காசு கேக்கக் கூடாது. பரீட்ச வெச்சி புள்ளைய தள்ளக் கூடாது. கோயிலுக்குப் போறியா சர்ச்சுக்குப் போறியான்னு பாக்கக் கூடாது. வாத்தியாரு இன்னா சொல்லிக் குடுக்கறாருன்னு நீ போயி கேக்கலாம். கேட்டா புள்ளைய அடிக்க மாட்டாங்க, பயப்படாத!" மூன்றாவது லைனுக்கு வந்தபோது உன் தொண்டை கட்டிவிட்டது. "இன்னா முழிக்கிற? நீ சொல்லு" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாய். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி சொல்லச் சொன்னாள்.

சொன்ன நாளில் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. ஆட்களை ஏற்றிய கேஜ் கூண்டு மேலே வந்தது. முகமெல்லாம் சேறும் புழுதியுமாக முதல் ஷிப்ட் ஆட்கள் வெளியே வந்தார்கள். இறங்க வேண்டிய இரண்டாம் ஷிப்டும் அங்கேயே நின்றது. பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள், கடலை விற்கிறவன்கூட வந்துவிட்டான். தலைமையாசிரியர் வந்தார், கமிட்டிப் பெரியவர் ஒருவரையும் கூட்டிவந்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இத்தனை பேர் இருக்கீங்களே, இவ்வளவு நாள் எங்க போனீங்க?" என்றார்.

"கீழ இருந்தோம் சார்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும்தான்.

பள்ளியின் தரம் உயரத்தான் பரீட்சை வைத்தோம் என்றார் பெரியவர். கெட்டிக்காரப் பிள்ளைகளை எடுத்தால்தானே பேர் கிடைக்கும் என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். கட்டிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். என் வீட்டுக்காரர்! கல்யாணத்தன்றுகூட நாலு வார்த்தை பேசாத மனுஷர்.

"மொத மொத கேஜுல ஏறும்போது எங்களுக்கு யாரு சார் பரீட்ச வெச்சாங்க? உள்ள போயிதான் சார் கத்துக்கினோம்."

ஒரே ஆரவாரம். பரீட்சை வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைமையாசிரியர். சேறு பூசிய கைகள் எல்லாம் மேலே போயின.

குலுக்கல் அங்கேயே நடந்தது. யாருடைய ஹெல்மெட்டையோ மல்லாக்க வைத்து, பெயர்ச் சீட்டுகளைப் போட்டு எடுத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். இடங்கள் தீர்ந்தன. என் மகளின் பெயர் வரவில்லை. குலுக்கல் நியாயமாகத்தான் நடந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். கட்டிய தொண்டையோடு தலைமையாசிரியரின் காதருகே போய், ஹெல்மெட்டைக் காட்டி, "மிச்சம் கீற பேரையும் எண்ணுங்க சார்" என்றாய்.

அவர் எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொரு பிரிவுக்கே பிள்ளைங்க இருக்காங்க! சர்க்கார்ல வாத்தியார் கேட்டு வாங்கலாம்!" பெரியவர் கூட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு பேரை எதிரில் வைத்துக்கொண்டு முடியாது என்று எப்படிச் சொல்வார்? சரி என்றார். என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ ஆடிய ஆட்டத்தில் இரண்டாம் ஷிப்ட் இறங்கத் தாமதமாகி, மேஸ்திரி கத்தினார். யார் காதில் விழுந்தது?

வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "உன் பையன்தான் ஏற்கெனவே உள்ள கீறானே அக்கா, உனக்கு ஏன் இந்தப் பாடு?"

"என் புள்ள மட்டும் ஒக்காந்து படிச்சா அதுக்குப் பேரு டியூஷன்மே."

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. ஆண்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகத் தொடங்கினார்கள். உடனே நீ பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றவைத்தாய். பள்ளிக்கூடம் நிற்கிறது அக்கா, இரண்டு பிரிவோடு. என் மகள் பெங்களூரில் பெரிய மருத்துவமனையில் நர்ஸ்களுக்கெல்லாம் தலைமை. நீ மண்ணுக்குள் போன அன்று அவள் அழுத அழுகைக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

இந்த ஜூனில் சேர்க்கை நாளன்று நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். யாரிடம் சிபாரிசு வாங்க வேண்டும் என்று தயங்கி நின்ற ஒரு சித்தாள் தம்பதியைப் பிள்ளையோடு நேராக உள்ளே அழைத்துப் போனேன். கட்டணம் உண்டா, பரீட்சை உண்டா என்று அவர்களுக்காக எல்லாவற்றையும் சத்தமாகக் கேட்டேன். புதுத் தலைமையாசிரியர் சின்ன வயசுக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"பெத்தவ சார்."

"உங்க பிள்ளை எந்த வகுப்பு?"

"எல்லா வகுப்புலயும் கீது சார்" என்றேன்.