மாரெட்டின் எல் பலகை

எம்ரிஸ் கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. பிப்ரவரியில் விடுதலையானாலும் ஊருக்கு வரமாட்டேன், டெஸ்னி வீட்டு எதிரே எந்த முகத்தோடு நடப்பேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெயிலுக்குள் இருந்துகொண்டே என்னை அழவைக்க உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன் தங்கை சேதியைக் கேள். எல்லை தாண்டி இங்கிலாந்துப் பக்கம் ஆஸ்வெஸ்ட்ரியில் ஒரு பேக்கரியில் மாரெட்டுக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை பஸ்ஸைத்தான் நிறுத்திவிட்டார்களே. அதனால் சின்ன பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். முடியவே முடியாது என்றேன். "நான் அண்ணன் இல்லம்மா" என்றாள். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். எனக்கும் வலித்தது.

அவள் வண்டியைப் பார்த்தால் நீ சிரிப்பாய். முன்னால் ஒரு டி, ஒரு எல். பின்னால் ஒரு டி, ஒரு எல். ஓட்டப் பழகுகிறவர் என்று நம் வெல்ஷ் மொழியில் மாட்டும் டி வேல்ஸ் எல்லைவரைதான் செல்லும், அந்தப் பக்கம் இங்கிலாந்துப் போலீசுக்கு எல் பலகைதான் வேண்டும் என்று இரண்டையும் மாட்டியிருக்கிறாள். "என்ன மாரெட், மிச்ச எழுத்தையெல்லாம் எப்ப மாட்டப்போற?" என்று பேக்கரியில் தினமும் கேலி செய்கிறார்களாம்.

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தினாள். பின்னால் எல் பலகையைக் காணோம். அன்றைக்கு நீயும் இதைத்தானே செய்தாய். பலகை மாட்டிய வண்டியில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்று, கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு டெஸ்னியை ஏற்றிப் போனாய். தேவாலய வளைவில் விழுந்தீர்கள். நீ மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டாய். அவள் இன்றைக்கும் கைத்தடி இல்லாமல் படி இறங்குவதில்லை.

மாரெட்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேலி பொறுக்காமல் கழற்றி எறிந்தாயா, அண்ணன் போன வழியிலேயே போகப்போகிறாயா என்று கேட்டேன். "காத்துல எங்கயோ விழுந்திருக்கும்மா, சத்தியமா நான் கழட்டல" என்று அழுதாள். நான் நம்பவில்லை. சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் டெஸ்னியின் அப்பா ஆல்வின். உன் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். அவர் கையில் சேறு அப்பிய எல் பலகை. ஆடுகளைப் பார்க்கப் போனவர் வேலியோரம் கிடந்ததை எடுத்து வந்திருக்கிறார். அதை வண்டியில் பிணைத்திருந்த பிளாஸ்டிக் கட்டு குளிரில் முறிந்து தொங்கியது.

"பொண்ணு வண்டி எங்க?" என்றார். காட்டினேன். பாக்கெட்டிலிருந்து வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றை எடுத்தார். பண்ணைக் கேட்டிலிருந்து கால்சட்டைவரை அந்தக் கயிற்றால்தானே அவர் கட்டுவார். ஈரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, பலகையை இழுத்து இழுத்துக் கட்டினார். டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத, எலெரி. இன்னொரு பொண்ணு அந்த ரோட்டுல விழக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

நாலடி நடந்தவர் நின்றார். முகத்தைத் திருப்பாமலே, "பையன் எப்ப வர்றான்?" என்று கேட்டார். பிப்ரவரியில் என்றேன். "வீட்டுக்குத்தானே வர்றான்?" என்றார். நான் என்னடா சொல்வேன்?

மிச்சக் கயிற்றைச் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அவனும் மறுபடி மொதல்லேருந்து பலகை மாட்டித்தான ஓட்டணும். பிளாஸ்டிக் கட்டு வேணாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாரெட்டிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் என்னை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் பேக்கரியிலிருந்து எனக்குப் பிடித்த திராட்சை ரொட்டி கொண்டுவருகிறாள். விடிவதற்கு முன்பே கிளம்புகிறாள். பின்விளக்கு வளைவைத் தாண்டும்வரை ஜன்னலில் நிற்கிறேன். பயம் போகவில்லை, போகவும் போகாது.

அந்தக் கயிறு வைத்த இடத்திலேயே இருக்கிறது. மழையில் நனைகிறது, நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை. அது உனக்குக் கொடுத்தது, நீ வந்து எடு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆல்வினைப் பார்ப்பேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எத்தனை நாள் தலைகுனிந்து போவேன்? கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும், கண்ணா. வீட்டுக்குத்தான் வருகிறான் என்று அவரிடம் சொல்லிவிடட்டுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா எலெரி